கைதேர்ந்தவர்களுக்கு மட்டும்

அவருக்குத் தொழில் ஒப்பிடுவது. இத்தாலியிலிருந்து வருகிற, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிற சூப்பர் கார்களில் இரண்டை எடுத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, வாங்க நினைப்பவருக்கு எது தோது என்று நாலு பக்கம் எழுதிக் கொடுப்பார். ‘தராசு’ என்றால்தான் ஆளைத் தெரியும். சொந்தமாக ஒன்று வாங்க அவருக்கு ஏழு ஜென்மத்திலும் வக்கில்லை. ஆனால் எந்த வண்டி எந்த வளைவில் முரண்டு பிடிக்கும் என்பது மட்டும் அத்துப்படி.

டயர் கடைக்கு மேலே இருந்த அவருடைய அறைக்கு அன்று காலை ஒரு பெரியவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். நாலாக மடித்த தாள்களைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். பார்த்ததுமே தராசுக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. போன மாதம் மழையில் பாலத்துத் தடுப்பில் மோதிச் செத்தவனுடைய அப்பா. தராசு எழுதிக் கொடுத்த அறிக்கைதான் அந்தத் தாள்கள்.

சிவப்பு, மஞ்சள் என்று இரண்டு வண்டிகள். மஞ்சளுக்கு நாலு சக்கரமும் இழுக்கும். ஈரத்தில் கொஞ்சம் தப்பாகத் திருப்பினாலும் பொறுத்துக்கொள்ளும். சிவப்புக்குப் பின்சக்கரம் மட்டும்தான். டயர் சூடேறாத நேரத்தில் அழுத்தி மிதித்தால் வால் சுழன்றுவிடும். இதையெல்லாம் எழுதிவிட்டு, சிவப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு மஞ்சளே போதும்.’

பார்த்தால் எச்சரிக்கை மாதிரிதான் இருக்கும். எச்சரிக்கையா அது? தூண்டில்! விற்காமல் கிடக்கிற வண்டியைப் புகழக்கூடாது, பயமுறுத்த வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பழக்கம். மஞ்சளே போதும் என்று சொன்னால் எந்த மகராசன் மஞ்சளை வாங்குவான்? சிவப்பு நகரவே மாட்டேன் என்கிறது, வழக்கமான அந்த வரியைப் போடுங்கள் என்று ஷோரூம் மேனேஜர் போனில் கேட்டார். இவரும் போட்டார்.

பெரியவர் சண்டைக்கு வரவில்லை. பிள்ளை போனதிலிருந்து மனைவி தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றார். ராத்திரி தூக்கம் இல்லை, இந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். பிறகு அந்த வரியில் விரலை வைத்தார்.

"இத எதுக்கு எழுதினீங்க? படிக்கறவங்க பயந்து விலகணும்னுதானே?"

தராசு அந்த வரியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பிழைப்பு போகும். போலீஸ், கோர்ட் என்று இழுபடவும் நேரலாம். அதோடு, சொல்லியும் பிள்ளைதான் கேட்கவில்லை என்று இருந்தால் இந்த மனுஷனுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு செய்துகொண்டார்.

"ஆமாங்கய்யா. எச்சரிக்கைதான். அதத் தெளிவா எழுதியிருக்கேன்."

பெரியவர் தலையை ஆட்டினார். தாளின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் வண்டியின் படத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

"இது அவன் போட்டது. அவன் மஞ்சளத்தான் கேட்டான். நான்தான் இந்த வரியப் படிச்சுட்டுச் சிரிச்சேன். ஏண்டா, உனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நீயே ஒத்துக்கறியான்னு கேட்டேன். முகம் செத்துப் போச்சு அவனுக்கு. மறுநாளே போய்ச் சிவப்ப எடுத்துட்டு வந்தான்."

தராசு எழுந்து நின்றார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஐயா, உங்கள் மேல் தப்பில்லை, நீங்கள் சிரிக்க வேண்டும், அவனுக்கு ரோஷம் வர வேண்டும் என்பதற்காகவே எழுதியது அது என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். தாள்களை மடித்துப் பெரியவரிடம் நீட்டினார்.

"யாராவது ஏமாத்தி எழுதியிருப்பாங்களோன்னு ஒரு நப்பாசை. அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் பெரியவர். "நீங்க உங்க வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கீங்க. தப்பு என்னுதுதான்னு வீட்ல போய் அவகிட்ட நானே சொல்லிடறேன்."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். மொத்தம் இருபத்திரண்டு படி. கடைசிப் படி வரைக்கும் தராசுக்குக் கேட்டது. கூப்பிடவில்லை.