வாட மறுத்த வரிசை

செத்துத் தொலைய வேண்டிய செடிகள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தன. காலையில் ஆய்வகத்தின் செடி அறைக் கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது இதுதான். நேற்று தலை சாய்க்கத் தொடங்கியவைதான் இவை. நாளை ஆய்வுக் குழு வருகிறது. என் ஆராய்ச்சி நீளுமா, மூட்டை கட்டுவதா என்பது இந்த வரிசையைப் பார்த்துத்தான் முடிவாகும்.

விஷயம் ஒரு புரதம். செடிக்குள் ஆர்.என்.ஏ என்று கட்டளைகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் இல்லாதபோது இந்தப் புரதம் அவற்றைப் பிடித்துவைத்து, எது இப்போதே வேண்டும், எது பொறுக்கலாம் என்று பிரித்துவிடும். வெள்ளத்தில் மூழ்கினாலும் அதற்கு அதே வேலைதான். அந்தப் புரதத்தை எடுத்துவிட்ட என் செடிகள் வறட்சியில் சுருண்டு விழ வேண்டும். விழாவிட்டால், நான் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் கட்டுக்கதை.

வெள்ளப் பக்கம் என்னோடு ஆராய்ச்சி செய்யும் நிக்கானோருடையது. தண்ணீரில் முக்கிவைத்த அவன் செடிகள் மஞ்சளாகி அழுகிக்கொண்டிருந்தன. அந்த மகராசன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“என் பிள்ளைங்க எவ்ளோ அழகா சாவுது பாரு. உன்னுது ஏன் தாயே கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி நிக்குது?”

மண்ணில் விரலை விட்டேன். ஈரம். மோந்து பார்த்தேன். புளித்த சோள வாசனை. சிச்சா என்கிற எங்கள் சோளக் கள்ளேதான். நேற்று ஆகஸ்ட் ஒன்று. எங்கள் ஹுஹூ மலைநாட்டில் அன்றைக்கு மண்ணில் சிச்சா ஊற்றி, சிகரெட் நட்டு, பூமித்தாய்க்கு ஊட்டாத வீடு கிடையாது.

“நீ ஊத்தினியா?”

“நான் ஊத்திக் கொல்றவன். உன் செடியக் காப்பாத்தி எனக்கென்ன?”

வாசலில் ஒஃபெலியா மேடம் நின்றிருந்தார். எங்கள் ஆய்வகத் தலைவி. ஈரக் கையோடு இந்த அறைக்குள் வந்தாலே வள்ளென்று விழுகிறவர். இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நேத்து ஊத்தணும்னா நாலாவது மாடில மண்ணுக்கு நான் எங்கடி போவேன்? உன் தொட்டி மண்ணு காஞ்சு கெடந்துச்சு. பாத்துட்டுச் சும்மா போக மனசு வரல.”

“மேடம், காயணும்னுதானே வெச்சிருக்கேன்.”

“தெரியும். நான்தானே சொல்லிக் குடுத்தேன்.”

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் குழுவிடம் மேடம் எதையும் மறைக்கவில்லை. குழுத் தலைவர் எலூதேரியோ ஐயா குனிந்து தொட்டியை மோந்து பார்த்தார்.

“சிகரெட்டு வெச்சீங்களா?”

“இல்லீங்க ஐயா. இங்க புகை கூடாது.”

“அப்ப பூமித்தாய்க்கு அரைச் சாப்பாடுதான் போட்டிருக்கீங்க.”

அவரே ஒன்றைப் பற்றவைத்து என் வரிசையின் மண்ணில் நட்டார். “சாம்பல் விழாம எரிஞ்சு முடிஞ்சா அவ ஏத்துக்கிட்டா. நானும் இந்தப் பொண்ணுக்கு இன்னொரு வருஷம் எழுதித் தரேன்.”

விளையாட்டா நிஜமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. புரதமாவது ஆர்.என்.ஏவாவது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சிகரெட்டுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். செடிகளுக்காக வைத்த மின்விசிறி பக்கவாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. கனல் பாதி இறங்கியபோது காற்று பட்டுச் சாம்பல் மெல்ல வளைந்தது.

நிக்கானோர் சுவரோரமாக நகர்ந்தான். கையைப் பின்னால் கட்டியிருந்தான், கண் கூரையில் இருந்தது. டிக்கென்று ஒரு சத்தம். விசிறி வேகம் குறைந்து நின்றது. வளைந்த சாம்பல் அப்படியே நிற்க, புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.