மகன் பேரை மட்டும்

மகனுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் தையற்காரி செய்த காரியம் அது. புது வேலையில் அவனுக்குத் தனி மருத்துவக் காப்பீடு உண்டு என்றதும், குடும்பக் காப்பீட்டிலிருந்து அவன் பேரை எடுத்துவிடலாமென்று போனைத் திறந்தாள். கணவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தொடர்ந்துவந்த காப்பீடு. 'ரத்து' என்று கண்ணில் பட்டதை அழுத்தினாள். மகன் பேரோடு மொத்தமும் போய்விட்டது.

கணவருக்கு டயாலிசிஸ் செய்யப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. "நீங்களேதான் ரத்து பண்ணியிருக்கீங்கம்மா" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். தையற்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைமை நர்ஸ் பொறுப்பேற்றுக்கொண்டதால் அன்றைய சிகிச்சை நடந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது கணவர் மெதுவாகச் சொன்னார்: "நான் தப்பா நினைக்கலை. நீயும் எத்தனை நாளைக்குத்தான் தாங்குவே?"

அவளுக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே செய்தாள் என்று நினைத்துவிட்டார். நினைத்ததோடு மன்னித்தும்விட்டார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"வாயில நல்லா வருது எனக்கு. பேசாம வாங்க" என்றாள்.

மறுநாள் அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"ரத்து பண்ணினா பண்ணினதுதாம்மா. இதைத் திரும்ப எடுக்க வழியில்லை" என்றார் அதிகாரி.

"ஒரு நூலைப் பிரிக்கப் போய்த் துணியையே வெட்டிட்டேன் சார். தப்பு என்னோடது. அதுக்கு இவரைத் தண்டிக்காதீங்க."

அதிகாரி, டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி வீங்கியிருந்த கணவரின் மணிக்கட்டைப் பார்த்தார். "பையன் எப்போ வேலைக்குச் சேர்ந்தான்?"

"நான் ரத்து பண்ணின அதே வாரந்தான் சார்."

"அப்படின்னா ஒரு வழி இருக்கு. இந்த மாசப் பணம் கட்டியாச்சு, அதனால இன்னும் முழுசா அறுந்துபோகலை. அவன் பேரை மட்டும் எடுக்க நினைச்சு தவறிப்போச்சுன்னு எழுதிக் குடுங்க. மேலிடத்துல நான் பேசறேன். வாக்குக் குடுக்க மாட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அடுத்து வந்த நாட்களில் தைத்ததையெல்லாம் பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

ஒரு மத்தியானம் அதிகாரியே போன் செய்தார். விட்ட இடத்திலிருந்தே காப்பீடு தொடர்கிறது, நடுவில் நடந்த சிகிச்சைக்கும் செல்லும் என்றார். அவள் போனைக் கணவரிடம் நீட்டினாள்.

வெளியாட்களிடம் அதிகம் பேசாதவர் கேட்டார்: "என் பேரும் இருக்குங்களா அதுல?"

"உங்க பேருதாங்க முதல்ல இருக்கு."

போனை வைத்துவிட்டு அவளிடம் சொன்னார்: "டயாலிசிஸுக்குப் போறப்போ சட்டைக் கையை மடிச்சு ஏத்தச் சிரமமா இருக்கு. லூசா ஒரு சட்டை தைச்சுக் குடேன்."

அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.