உட்லண்ட்ஸ் அம்மாவின் தப்பான விடைகள்

1

இந்தக் கதை ஒரு ஒற்றை டிக்கிலிருந்து வந்தது. வாட்ஸாப்பில் நாம் அனுப்பியது போய்ச் சேராவிட்டால் சாம்பல் நிறத்தில் ஒன்றே ஒன்று நிற்குமே, அதுதான். இந்தத் தீவின் வடக்கு ஓரத்தில், உட்லண்ட்ஸில் இருக்கும் சாமுண்டீஸ்வரி என்ற அம்மாவுக்கு நான் அனுப்பிய செய்தியின் ஓரத்தில் அது நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் எழுத உட்கார்ந்தேன். பெரிய இலக்கிய நோக்கம் எதுவும் இல்லை.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள் கீழே. அடித்ததை மறைக்காமல் விடுகிறேன். நான் பட்ட பாடு உங்களுக்கும் தெரியட்டும்.

லிட்டில் இந்தியாவின் மல்லிகை வாசத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை... (வேண்டாம். நான் இருப்பது பக்கத்தில் ஃபேரர் பார்க். என் சன்னலுக்கு வருவது சாப்பாட்டுக் கடையின் எண்ணெய் வாசம்.)

சாமுண்டீஸ்வரி அம்மாவை நான் முதன்முதலில் பார்த்தபோது... (பொய். நான் அவரைப் பார்த்ததே இல்லை.)

ஒருவேளை அவர் இற (இந்தச் சொல்லை முடிக்க மாட்டேன்.)

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் அங்கமுத்து. ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் மென்பொருள் வேலை. முழுப்பெயர் வாயில் நுழையாததால் ஆபீசில் 'ஆங்' என்று சுருக்கிவிட்டார்கள். ஆங் என்பது இங்கே சீனக் குடும்பப் பெயர். மின்னஞ்சலில் மட்டும் பழகிய கிளையண்டுகள் என்னை நேரில் பார்த்ததும் ஒரு கணம் திகைப்பார்கள். யாராவது என் முகத்தை உற்றுப் பார்ப்பது அந்த ஒரு கணம்தான்.

இருப்பது ஒரு வாடகை அறை. 'லைட் குக்கிங் மட்டும்' என்று பேச்சு. முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் போடலாம், வெங்காயம் வதக்கக் கூடாது.* கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் சரியாகத் தெரியாது. அண்ணன் திருச்சியில் இருக்கிறார். போன் செய்தால் "நல்லாயிருக்கியா" என்பார், "நல்லாயிருக்கேன்" என்பேன், அத்தோடு இரண்டு பேருக்கும் கடமை முடிந்துவிடும்.

* வீட்டுக்காரர் பாலகிருஷ்ணன் நல்ல மனிதர். கதையில் அவருக்கு வேலை இல்லை. ஆனால் இந்த வரியைப் படித்தால் வருத்தப்படுவார் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

3

இளமாறன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். 'ஊர் சொல்லு' என்ற வாட்ஸாப் குழு அவர் தொடங்கியது. ஞாயிறு காலையில் நான் அதில் நாலு வரிக் கவிதை ஒன்று போடுவேன். உலகத்தில் பேர்பெற்ற ஓர் இடம் அதற்குள் ஒளிந்திருக்கும். கண்டுபிடித்தவருக்கு என்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம். இதுதான் விளையாட்டு.

(நான் எழுதிய இடங்களில் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை. படம் பார்த்து எழுதுவதுதான். தனியாகப் போய் யாரிடம் படம் எடுத்துத்தரச் சொல்வது என்ற யோசனையிலேயே பல லீவு போய்விட்டது.)

ஒரு கவிதை பாருங்கள்:

    இரும்பில் நெய்த தாவணி,
    பின்னல் தெரிய நிற்கிறாள்.
    இடித்துவிடு என்றவர்களின் பேரப்பிள்ளைகள்
    அவள் காலடியில் காதல் சொல்கிறார்கள்.

ஈஃபில் கோபுரம் என்று ஐந்தாறு பேர் உடனே எழுதினார்கள். ஆளுக்கொரு கட்டைவிரல் போட்டேன். மத்தியானம் சாமுண்டீஸ்வரி அம்மாவின் குரல் செய்தி வந்தது. அவர் டைப் செய்வதில்லை, பேசித்தான் அனுப்புவார். இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' வரும்.

"தம்பி, இது எங்க ப்ளாக்ல புதுசா கட்டுற லிஃப்ட் தானே? ஒரு வருஷமா வெறும் கம்பியாவே நிக்குது. வேலைக்கு வர்ற பசங்க வெயில்ல கெடந்து சாகுறாங்க. பாவமா இருக்கு லா."

நான் பதிலுக்குப் பேசி அனுப்பினேன். இல்லைம்மா, இது பாரிஸ், ஒரு கண்காட்சிக்காகக் கட்டினார்கள், முதலில் அந்த ஊர் எழுத்தாளர்களுக்கே பிடிக்கவில்லை என்று நீளமாக ஒரு விளக்கம். அவர் உடனே, "அப்படியா, எனக்கும் எங்க லிஃப்ட் பிடிக்கலதான்" என்று அனுப்பினார்.

அடுத்து பைசா கோபுரம்.

    விழப்போகிறேன் என்று சொல்லியே
    இத்தனை நூற்றாண்டு நின்றுவிட்டேன்.
    தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொள்கிறீர்கள்.
    உண்மையிலேயே கொஞ்சம் தாங்குங்களேன்.

"இது எங்க கீழ ஹுசைன் கடையில வெளிய வச்சிருக்கிற குடைதான். எப்பவும் ஒரு பக்கமா சாஞ்சே நிக்கும். மழை பெஞ்சா தண்ணி நேரா டீக்குள்ள ஊத்தும்."

சீனப் பெருஞ்சுவருக்கு அவர் சொன்ன விடை: "காஸ்வே, தம்பி. வெள்ளிக்கிழம சாயந்தரம். கடலத் தாண்டி ஜோகூருக்குப் போற வண்டி ஒண்ணும் நகராது. எங்க மாடியில நின்னா அப்படியே தெரியும்."

குழுவில் சிரிப்புப் படங்கள் குவியும். நான் மட்டும் சிரத்தையாக விளக்கம் பேசி அனுப்புவேன். "ரெண்டு பரோட்டா, ஒரு டீ" என்று கடையில் சொல்வதைச் சேர்க்காவிட்டால், வாரத்தில் நான் வாயைத் திறந்து தமிழ் பேசுவது அப்போதுதான்.

4

தாஜ்மகாலை மட்டும் தனியாக எழுத வேண்டும்.

    அவள் தூங்க ஒரு வெள்ளை அறை.
    அவன் விழித்திருக்கத் தூரத்தில் ஒரு சன்னல்.
    இரண்டையும் பார்த்தபடி ஓடும் ஆறு
    யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

"இது ஆஸ்பத்திரி, தம்பி. எங்க வீட்டுக்காரரு வெள்ள ரூம்லதான் இருந்தாரு. உள்ள விடமாட்டேன்ட்டாங்க. நான் கேன்டீன் சன்னல் பக்கமா உக்காந்து அவரு ரூம் சன்னலையே பாத்துட்டு இருப்பேன். ஆறு இல்ல, ரோடு. பஸ்ஸு போயிட்டே இருக்கும்."

அன்றைக்குச் சிரிப்புப் படம் எதுவும் வரவில்லை. நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசி அனுப்பினேன். தாஜ்மகாலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. என் அம்மாவின் கடைசி நேரத்துக்கு நான் ஊர் போய்ச் சேர முடியாததைச் சொன்னேன். அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தைந்து பேர் இருக்கிற குழுவில் சொன்னோமே என்ற வெட்கம் அனுப்பிய பிறகுதான் வந்தது.

மறுநாள் இளமாறன் குழுவில் ஒரு அறிவிப்புப் போட்டார். 'அன்பு உறுப்பினர்களே, கவிதைக்குரிய சரியான விடையை மட்டும் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். சொந்த விஷயங்களைத் தவிர்க்கவும்.' மேடைப் பேச்சுத் தமிழ். அதில் எனக்கும் ஒரு குட்டு இருந்தது.

அடுத்த ஞாயிறு சாமுண்டீஸ்வரி அம்மா பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. 'அம்மா, விடை வரலையே' என்று தனியாக அனுப்பினேன். ஒற்றை டிக்.

(போன் செய்ய வேண்டியதுதானே என்கிறீர்கள். செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. ஒற்றை டிக்குக்குப் பல அர்த்தம் உண்டு. போன் கெட்டிருக்கலாம். எண் மாறியிருக்கலாம். கோபத்தில் என்னைத் தடுத்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு, அதைத்தான் முதல் பகுதியில் பாதியில் விட்டேன்.)

5

இதுவரை எழுதியதை இளமாறனிடம் காட்டினேன். ஃபேரர் பார்க்கில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடை. அவர் போனில் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"பாஸ், ஸ்டோரி எங்க லா? ஒரு ஆன்ட்டி குவிஸ்ல தப்பு தப்பா ஆன்சர் பண்றாங்க, அப்புறம் காணாமப் போறாங்க. அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ஏஜைக் குறைச்சிடுங்க. தர்ட்டி ஃபைவ். சிங்கிள். அப்பத்தான் ரீடருக்கு இன்ட்ரஸ்ட் வரும்."

"அவங்க அப்படி இல்லையே."

"நீங்க பாத்தீங்களா?"

பார்த்ததில்லைதான். அன்றிரவு அறைக்கு வந்து முயற்சி செய்தும் பார்த்தேன்:

மோகனப்பிரியா கூந்தலை ஒதுக்கியபடி காஸ்வேயைப் பார்த்து (அடித்தாயிற்று. இவள் எல்லாக் கவிதைக்கும் சரியான விடை சொல்லிவிடுவாள். எனக்கு என்ன வேலை?)

கடைக்கே திரும்புகிறேன். இளமாறன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் அந்த மெசேஜ் போட்டதாலயா இருக்கும்?"

"தெரியல."

"அட்மின்னா அப்படி ஏதாச்சும் போடணும்னு போட்டேன். வேணும்னு இல்ல." டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "அட்ரஸ் தெரியுமா?"

"உட்லண்ட்ஸ்."

"உட்லண்ட்ஸ்ல எத்தன ப்ளாக் இருக்கு தெரியுமா?"

தெரியாது. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் உலகத்து ஊர்களைக் கேட்டபோதெல்லாம் அவர் தன் வீட்டைச் சுற்றியே விடை சொல்லியிருக்கிறார். புது லிஃப்ட் கட்டும் ப்ளாக். மாடியிலிருந்து காஸ்வே தெரியும். கீழே ஹுசைன் கடை. சாய்ந்த குடை.

6

(இந்தப் பகுதியைக் கட்டுரை மாதிரி எழுதுகிறேன். கதையாக எழுதினால் துப்பறியும் கதை ஆகிவிடும் போலிருக்கிறது.)

ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறி, டோபி காட் ஸ்டேஷனில் மாறினால் உட்லண்ட்ஸ். ஞாயிறு மத்தியானம். ரயிலில் எல்லாரும் குடும்பமாகப் போகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து காஸ்வே பக்கமாக நடந்தேன். கம்பி கட்டிய லிஃப்ட் வேலை எங்கே நடக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பவனை யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால்கூடக் கொஞ்சம் பேச்சாவது கிடைத்திருக்கும்.

குடை உண்மையிலேயே சாய்ந்துதான் இருந்தது.

ஹுசைன் கடையில் தே ஓ வாங்கினேன். பாலில்லாத டீ. மெதுவாக விசாரித்தேன்.

"சாமுண்டீஸ்வரின்னு ஒரு அம்மா, இந்த ப்ளாக்தானே?"

"ஆமா, ஆறாவது மாடி, லிஃப்ட்ட விட்டு எறங்குனா மொத வீடு." ஹுசைன் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீங்க சொந்தமா?"

"இல்ல. தெரிஞ்சவங்க."

"கீழ எறங்கிப் பாத்து ரொம்ப நாளாச்சு. டெய்லி வருவாங்க. மகன் கூட்டிட்டுப் போயிட்டாரோ என்னமோ, தெரியல. மேல போய்ப் பாருங்களேன்."

நான் மேலே போகவில்லை. குடைக்குக் கீழே உட்கார்ந்து இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் படிப்பது அதைத்தான்.

7

முடிவுகள்.

அ. மகன் கதவைத் திறக்கிறார். "யாரு நீங்க?" என்கிறார். நான் அம்மாவுக்கு யார்? அவர் என்னைத் தம்பி என்பார், நான் அம்மா என்பேன், தம்பிக்கு அம்மா எப்படி உறவாகும்? "நான் கவிதை போடுறவன்" என்கிறேன். அவர் கதவை... (இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

ஆ. யாரும் திறக்கவில்லை. வெளிக் கேட்டில் பூட்டு. நான் கொஞ்சம் நின்றுவிட்டு ரயில் ஏறுகிறேன். (யதார்த்தமான முடிவு. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

இ. அவரே திறக்கிறார். என் குரலைக் கேட்டதும் தெரிந்துகொள்கிறார்.

"போனு தண்ணியில விழுந்துருச்சு தம்பி, மகன் வாங்கித் தரேன் வாங்கித் தரேன்னு சொல்லிட்டே இருக்கான். உள்ள வாங்க."

"அந்த அறிவிப்பப் பாத்துக் கோவமோன்னு நெனச்சேன்மா. விடை தப்பா இருந்தா என்ன, நீங்க சொல்லுங்க."

"தெரியாமயா தப்பா சொன்னேன்? ஈஃபில் டவர் சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். சரியா சொல்றவங்களுக்கு நீங்க ஒரு கட்டைவெரல் போட்டுட்டுப் போயிடுறீங்க. தப்பா சொன்னா பேசுறீங்க."

இந்த இடத்தில் போனை மேசையில் வைத்துவிட்டேன். இந்த வசனத்தை அவர் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன். எதையோ இட்டு நிரப்ப எழுதியது. ஆனால் எழுதியவுடன் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. போனை மறுபடி எடுத்து, குழுவைத் திறந்து பழைய ஞாயிறுகளை மேலே தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தேன்.

ஈஃபில் என்று ஐந்தாறு பேர் எழுதி, நான் கட்டைவிரல்களும் போட்டு முடித்த பிறகுதான் அவர் லிஃப்ட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார். பைசாவும் அப்படி. பெருஞ்சுவரும் அப்படி. தாஜ்மகாலும். ஒவ்வொரு முறையும் சரியான விடை அவர் பேச்சுக்கு நேர் மேலேயே இருந்திருக்கிறது. சில வாரம் அந்த விடையை எழுதியவருக்குப் பூப்படம் வேறு போட்டிருக்கிறார்.

அவருக்குத் தெரியும். எல்லா வாரமும் தெரிந்திருக்கிறது. ஒரு மனுஷக் குரல் கேட்பதற்காக அவர் வாராவாரம் இருபத்தைந்து பேர் முன்னால் அசடாக நின்றிருக்கிறார். நானோ பாடம் நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதைத் தட்டும்போது எனக்குக் கண் கலங்குகிறது, ஹுசைன் பார்க்கக் கூடாது என்று குனிந்துகொள்கிறேன்.

8

கதை இங்கே நிற்க வேண்டும். நான் எழுந்து மேலே போகப்போகிறேன். லிஃப்ட் வந்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டுவிடுவேன், அதனால் என்ன நடந்தது என்பதை எழுத முடியாது. வந்த பிறகும் எழுத மாட்டேன். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது அவருடையது. என் கதையைக் குழுவில் போட்டாயிற்று, உங்களிடமும் சொல்லியாயிற்று, போதும்.

லிஃப்ட் வேலை இன்னும் முடியவில்லை. பழைய லிஃப்ட்தான். பொத்தானை அழுத்தினால் இறங்கி வர நேரமாகிறது. அதற்குள் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இந்தக் கதைக்கு ஒரு முடிவு உங்களுக்குத் தோன்றியிருக்கும். அதை எனக்கு அனுப்புங்கள், முடிந்தால் பேசியே அனுப்புங்கள். சரியாகச் சொல்லிவிடாதீர்கள். தப்பாகச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுப் பக்கமாக ஏதாவது சொல்லுங்கள். நான் பேசுகிறேன்.