சுற்றுக்கு விட்ட ஜாதகம்

என் அப்பா கல்யாணராமன் உயிரோடு இருந்தவரை என் ஜாதகத்தைக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவர் போய்விட்டார், ஜாதகம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர் ஷைலஜா, நட்சத்திரம், கோத்திரம், உயரம், சம்பளம், மயிலாடுதுறையில் பள்ளி ஆசிரியை. மஞ்சள் புடவையில் ஒரு போட்டோ. தொடர்புக்கு அப்பாவின் நம்பர். போட்டோவில் எனக்கு இருபத்தெட்டு வயது. இப்போது நாற்பத்தொன்று.

அப்பாவின் போனை அணைத்துப் போடவும் முடியாது. கேஸ், கரண்ட் பில், பாங்க் எல்லாவற்றுக்கும் ஓடிபி அதில்தான் வருகிறது. கூடவே இவர்களும் வருகிறார்கள். "பையனுக்கு அம்பத்திரண்டு, முதல் சம்சாரம் தவறிட்டா, பொண்ணு சமைப்பாளா?" சமைப்பேன், எனக்கு மட்டும். போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை விட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அதே சுலபத்தில் திரும்பப் பெறலாம் என்று சொந்தத் தகவல்களைப் பற்றிய புதுச் சட்டம் சொல்வதாகப் பேப்பரில் படித்தேன். நான் சம்மதமே கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். அப்பா என்னைப் பதிவு செய்திருந்த கல்யாண வெப்சைட்டைக் கூப்பிட்டேன்.

"ப்ரொஃபைல் உங்க அப்பாதானே மேடம் போட்டிருக்காங்க? அவங்களைப் பேசச் சொல்லுங்க."

"அவர் பேசற இடத்துல இல்லைம்மா."

இறப்புச் சான்றிதழை அனுப்பி, தெளிவாக இல்லை என்று அவர்கள் அதைத் திருப்பி அனுப்ப, மறுபடி நான் அனுப்பி, ஒருவழியாக 'நீக்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. அன்று சாயங்காலமே இரண்டு பேர் கூப்பிட்டார்கள். தரகர்கள், சாஸ்திரிகள், வாட்ஸ்அப் குரூப்புகள் என்று ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கும்போது அந்த ஒரு இடத்தில் நீக்கி என்ன பிரயோஜனம்?

எங்கள் மனிதர்கள் வேண்டாம் என்று நேராகச் சொல்வதில்லை. 'ஜாதகம் பொருந்தலை' என்பார்கள். பழி கிரகங்கள்மேல் போய்விடும், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. நானும் அப்படியே சொல்லிப் பார்த்தேன். "பையன் ஜாதகத்தை இன்னும் அனுப்பவே இல்லையே?" என்றார் ஒருவர். எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினால் புத்திமதி சொல்கிறார்கள். பலிக்கக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் ஆகிவிட்டது என்பது. அதைச் சொல்ல மாட்டேன் என்று எனக்கு வீம்பு. என்னைச் சும்மா விடுவதற்கு நான் யாருக்காவது பெண்டாட்டியாக இருந்தாக வேண்டுமா என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது மறுபடி அடித்தது. எரிச்சலில், யார் என்றுகூடக் கேட்காமல், "ஷைலஜாவுக்குக் கல்யாணம் ஆயிடுத்து, ஜாதகத்தை எடுத்துடுங்கோ" என்றேன்.

"அடடா! நீதானா பேசறது? நான் திருவையாறு பஞ்சாபகேசன். சௌக்கியமா இரும்மா. அப்பாகிட்ட போனைக் குடு. இடுப்பு ஆபரேஷன் ஆகி ஆறு மாசமாப் பேசவே முடியலை. உன் ஜாதகமும் என் பையனோடதும் பொருந்தலைன்னு எப்பவோ தெரிஞ்சு போச்சு. ஆனாலும் ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் பேசிக்காம இருந்ததில்லை."

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவார். சிரிப்புச் சத்தம் கேட்கும். என்னை யார் தலையிலோ கட்டப் பேசுகிறார் என்று நான் உள்ளே பாத்திரங்களை உருட்டுவேன்.

"மாமா, அப்பா மார்கழியில தவறிட்டார்."

மாமா மெதுவாகக் கேட்டார்.

"கல்யாணத்தைப் பார்த்துட்டுத்தானே போனார்?"

அந்தக் கிழவரிடம் நான் வேறு என்ன சொல்ல முடியும்?

"பார்த்துட்டுத்தான் போனார் மாமா."

"போதும்மா. கொடுத்து வெச்சவர்." மூக்கை உறிஞ்சினார். "எல்லா குரூப்லயும் நானே சொல்லி எடுக்கச் சொல்லிடறேன். இனிமே நானும் கூப்பிட மாட்டேன். ஜாதகம் கேட்டவா கல்யாணம் ஆன பொண்ணாத்துக்குப் பேசிண்டிருந்தா நன்னாருக்காது. உன் ஆத்துக்காரர் என்ன பண்றார்னு எப்பவாவது நேர்ல பார்க்கறப்போ விசாரிச்சுக்கறேன்."

சொன்னபடியே செய்தார். 'சௌ. ஷைலஜா விவாகம் சுபமாக நடந்தேறியது. ஜாதகத்தை அனைவரும் நீக்கவும்' என்று அப்பாவின் போனில் குரூப் குரூப்பாக வந்தது. கீழே கைகூப்பும் பொம்மைகள். சட்டமும் சான்றிதழும் செய்யாததை அவர் ஒரே சாயங்காலத்தில் செய்துவிட்டார். அதன்பின் ஒருவரும் கூப்பிடவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். அது அடிக்கவில்லை. பஞ்சாபகேசன் மாமாவின் நம்பரைத் தேடி எடுத்தேன். அப்பாவைப் பற்றி என்னோடு பேச மிச்சம் இருந்த ஒரே ஆள் அவர்தான். கூப்பிட்டால் முதலில் என் அகத்துக்காரரைத்தான் விசாரிப்பார். போனை அப்படியே வைத்துவிட்டேன்.