வாசலில் தொங்கிய சீமைக் கற்றாழை

1911 பெப்ரவரி முதல் வாரத்தில், ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் துரைசாணி சீமைக்குக் கப்பலேறினார். புறப்படும் முன், பங்களாத் தோட்டக்காரர் சிவஞானத்திடம் ஒரு தொட்டியை ஒப்படைத்தார். கற்றாழை போன்ற செடி. உயரம் ஒரு சாண்கூட இராது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. பக்கக் குட்டிகளை அறுத்து, ஒரு வாரம் காயவிட்டு, பிறகு மணலில் நட வேண்டும். தண்ணீர் காட்டக் கூடாது. திரும்பி வரும்போது செடி இல்லையென்றால் சிவஞானம் பங்களா வேலையை விட்டு, தேயிலை வெட்டக் கவ்வாத்துக் கத்தியோடு மலையேற வேண்டியதுதான்.

சிவஞானம் தேயிலை நாற்று மேடையில் பழகியவர். அங்கே நாற்று ஒருவேளை வாடினால் கங்காணியிடம் ஏச்சு வாங்க வேண்டும். ஆகவே, தண்ணீர் சுமக்கும் தன் முதுகுக்கு இரங்கித்தான் துரைசாணி தண்ணீர் வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அந்த நல்ல மனசுக்கு நன்றியாக, அறுத்த குட்டிகளில் பொடிசுகளை ஒதுக்கிப் போட்டு, மற்றவற்றை அன்றே நட்டு, காட்டுத் தழையால் பந்தல் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். தாய்ச்செடிக்கும் ஊற்றினார். மார்ச் முடிவதற்குள் எல்லாம் கூழாகிவிட்டன.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வாசல் நிலையில் மிளகாயோடும் எலுமிச்சம்பழத்தோடும், மஞ்சள் பூசி, தலைகீழாக ஒரு குட்டி தொங்கியது. வெள்ளை வேர் விட்டிருந்தது.

"இது ஏது, பெரியாயி?"

"நீங்க வேணாம்னு ஒதுக்கிப் போட்டதுதான். கண்ணேறுக்குக் கட்டினேன். லயம் பூரா கேட்டாங்க, குடுத்தேன்" என்றாள் மனைவி. "நீங்க தண்ணி ஊத்தினது செத்துச்சு, நான் ஊத்தாதது பொழச்சிருக்கு. இனிமே புள்ளைங்களுக்கு நீங்க சோறு ஊட்டாதீங்க."

தன் வாசலில் இருந்ததை அவிழ்க்கப் பெரியாயி விடவில்லை. சிவஞானம் அடுத்த வீட்டு இராக்கம்மாவிடம் போனார்.

"இராக்கம்மா, அது தொரசாணி செடி."

"எங்க வாசலுக்குக் காவல் நிக்குதுண்ணே. அத எடுத்துட்டு நீங்க வந்து தொங்குவீங்களா?"

"பெரகல ஊருலருந்து பெரிய கத்தாழயா கொண்டாந்து தாரேன்."

"சும்மா கத்தாழ சும்மா கண்ணுக்கு. கணக்கப்புள்ள கண்ணுக்குச் சீமக் கத்தாழதான் ஆகும். இது வாசலுக்கு வந்ததுலேர்ந்து அந்தாளு இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல."

கணக்கப்பிள்ளை அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். அதைச் சொல்லிப் பார்த்தார் சிவஞானம்.

"பாத்தீங்களா! அப்புறமும் கேக்கிறீங்களே!" என்றாள் இராக்கம்மா.

கடைசியில் வாசலுக்கு ஒன்றாக, குட்டியின் அடியிலுள்ள இலையைத் தருவதாக லயம் இறங்கி வந்தது. குட்டியை யாரும் விடவில்லை. இந்த முறை சிவஞானம் இலைகளைப் பங்களாக் கொட்டிலில் நூலில் கட்டித் தொங்கவிட்டார். வெட்டு வாய் உலர்ந்த பிறகே மணலில் குத்தினார். தண்ணீர் வாளியைப் பெரியாயி ஒளித்து வைத்தாள்.

செப்டம்பரில் துரைசாணி வந்தார். வரிசையாக இருந்த தொட்டிகளில், ஒவ்வோர் இலையின் அடியிலும் சிறு குட்டி எட்டிப் பார்த்தது.

"பெரிய செடி எங்கே?"

"அதுதாங்க இத்தனையும்."

"நல்லது. இலை ஏன் மஞ்சள்?"

"மருந்துங்க."

துரைசாணி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் முதல் பங்களா ரோஜாக்களுக்கும் மஞ்சள் பூச உத்தரவாயிற்று. சிவஞானம் தோட்டக்காரராகவே இருந்தார்.