இரண்டு அங்குல வேங்கை

தச்சரின் மனைவியுடைய வலது கை வேங்கை மர மேசைக்குள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. மெருகு போடும் முன் பலகையை உள்ளங்கையால் தடவிப் பிசிறு பார்ப்பது அவள் வேலை. வேங்கை இழைப்புளிக்கு எளிதில் மசியாத மரம்; கரையானும் கிட்டே வராது. ஆனால் அறுத்த பலகை அங்குலத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும். தச்சர் நாற்பது நாள்தான் விட்டிருந்தார். அவள் இரண்டு முறை சொன்னாள்; மூன்றாவது முறை சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். பலகை நடுவே விட்டிருந்த வெடிப்பு அவள் கையை மணிக்கட்டுவரை வாங்கிக்கொண்டு மூடியது. வலிக்கவில்லை.

"இனி எங்கண்ணன் சமைக்கட்டும், அண்ணி," என்று சிரித்தபடி வந்த நாத்தனார் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே விரல் எதுவும் இல்லை. சிரிப்பு நின்றது.

தச்சர் அறுத்துப் பார்த்ததில் ரம்பத்தில் ஏழு பல் உடைந்தது. மதியம் மழை பிடித்துக்கொள்ள, ஈரத்தில் மரம் உப்பி மணிக்கட்டை இறுக்கியது. பொழுது சாய்வதற்குள் கை வெளியே வராவிட்டால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டியிருக்கும் என்றார் வரவழைத்திருந்த மருத்துவர். அப்போது வெடிப்பின் ஓரத்தில் சிவப்பாகக் கசிந்தது.

"ஐயோ, ரத்தம்!" தச்சர் உளியைப் பலகையில் ஊன்றிக் கொட்டாப்புளியை ஓங்கினார்.

இந்த அவசரத்தின் முன்னால் எத்தனை முறை வாயை மூடிக்கொண்டோம் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். கசிவை இடது விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கீழ வைங்க. துவர்க்குது, மரத்தோட சாயம் இது. என் விரல் எங்க முடியுதுன்னு எனக்கே தெரியல, உங்க உளிக்குத் தெரியுமா?"

"வேற என்னதான் பண்ணச் சொல்ற?"

"ரெண்டு அங்குலப் பலகை. ரெண்டு வருஷம் பொறுங்க."

கொட்டாப்புளி வெகுநேரம் அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்லத் தரைக்கு இறங்கியது. மாலையில் மருத்துவர் மேசைக் காலைப் பிடித்து நாடி பார்த்தார். எழுபத்திரண்டு. கைக்கு ரத்தம் ஓடுகிறது, எடுக்க வேண்டாம் என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு வருடமும் அவள் மேசையருகிலேயே உண்டு உறங்கினாள். தச்சர் சில விடியற்காலைகளில் உளியோடு வந்து நிற்பார்; அவள் கண் திறந்தால் ஜன்னலைச் சாத்த வந்ததுபோல் சாத்திவிட்டுப் போவார். மூன்றாம் கோடையின் தொடக்கத்தில் மரம் ஒரு முறை முனகி, வெடிப்பு அகன்றது. வெளியே வந்த கை வேங்கை நிறத்தில் இருந்தது. உள்ளங்கையில் ரேகை இல்லை, மர வரிகள் ஓடின. விரல்கள் நன்றாக மடங்கின.

இப்போது மரம் வாங்கினால் அந்தக் கையைத்தான் முதலில் அதன்மேல் வைக்கச் சொல்கிறார் தச்சர். அவள் எட்டு மாதம் காயட்டும் என்றால் எட்டு மாதம். மழை நாட்களில் விரல்கள் உப்புவதால் மோதிரத்தை மட்டும் அவள் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.