நின்றிருந்த வண்டி

திங்கட்கிழமை காலை வண்டியைத் தெருவுக்கு எடுத்து நிறுத்திவிட்டு ஹில்டா காத்திருந்தாள். சத்தியநாதன் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். அடுத்து இடதுபக்கக் கதவு திறக்கும் சத்தம் வர வேண்டும். வரவில்லை. கைப்பிடியை இரண்டு முறை இழுத்துப் பார்க்கும் சத்தம்தான் வந்தது. பிறகு அவர் குனிந்தார்.

"இது என்ன ஹில்டா?"

அவள் இறங்கிச் சுற்றி வந்தாள். முன்கதவில், கைப்பிடியை ஒட்டி, சோற்றுத் தட்டை வைத்து அமுக்கியது போல ஓர் ஒடுக்கு. பெயிண்ட் மயிரிழைகளாக வெடித்திருந்தது.

"நேத்து சர்ச்சுல இருந்து தனியா வந்தல்ல, அப்ப கேட் தூண்ல தேச்சிருக்க."

"சத்தமே கேக்கலையே."

"உனக்கு எப்பதான் கேட்டுது? இந்தப் பக்கம் சுவரை ஒட்டி நிறுத்திட்ட, கண்ணுலயும் படல."

"நானாத்தான் இருக்கும்" என்றாள் ஹில்டா. "ஸாரிங்க."

அந்த வார்த்தைகள் எவ்வளவு சுலபமாக வந்தன என்று அவள் பிறகுதான் யோசித்தாள். நாற்பத்தெட்டு வயதில் இப்படி எத்தனையோ வந்திருந்தன. பால் பொங்கினால், மகள் கெசியாவுக்குக் காய்ச்சல் வந்தால், கல்யாணத்துக்குப் போகும் வழியில் மழை பிடித்தால்கூட முதலில் மன்னிப்புக் கேட்பவள் அவள்தான். அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை டீச்சர்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்து "யார் வரைபடத்தைக் கிழிச்சது?" என்று கேட்டால், தொடாதவளான இவள் முகம்தான் சிவக்கும். அன்று ஒன்பதாம் வகுப்புக்குப் பருவக்காற்று நடத்திக்கொண்டிருந்தபோதே, தூணில் கதவு உரசிய சத்தம் அவளுக்குத் தெளிவாக ஞாபகம் வந்துவிட்டது. கேட்காத சத்தம் எப்படி ஞாபகம் வரும்? அப்போது அவள் தன்னை அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டி அவளுடையது. அண்ணன் கனடாவுக்குப் போகும்போது "நீ கத்துக்க" என்று விட்டுப்போன வெள்ளை மாருதி. தாம்பரத்தில் ஓட்டுநர் பள்ளியில் பிள்ளைகளோடு பிள்ளையாய் நின்று கற்றுக்கொண்டு, இரண்டாவது முறையில் லைசென்ஸ் வாங்கினாள். சத்தியநாதனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பெருங்களத்தூர் ஸ்டேஷன் வரை "பிரேக்கு, பிரேக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். ஸ்டேஷனில் அவர் இறங்கியபிறகு பள்ளிக்கூடம் வரை உள்ள பதினைந்து நிமிடங்களை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளைத் தேடியோ, அவளிடம் எதையாவது கேட்டோ யாரும் வராத பதினைந்து நிமிடங்கள் அவை.

அன்று மாலையே சாவி அவருடைய பீரோவுக்குள் போயிற்று.

"நாவலூர்ல ஒரு ஆள் வண்டியை விலைக்குக் கேக்கறார்" என்றார். "சனிக்கிழமை டிங்கரிங் முடிச்சிரு. அடுத்த வாரம் வந்து பாத்து எடுத்துக்கிறேங்கறார்."

காட்டாங்குளத்தூர் ஹாஸ்டலிலிருந்து கெசியா போன் செய்தாள். "டாடி சொன்னார் மம்மி. தூணோட போச்சு. யாராவது ஆளா இருந்திருந்தா?"

புதன்கிழமை மாலை குடும்ப ஜெபத்தில் சத்தியநாதன் கண்களை மூடி, "ஆண்டவரே, ஹில்டாவுக்கு நிதானத்தைத் தாரும். தன்னால் முடியாததை முடியாதென்று ஒத்துக்கொள்ளும் மனதைத் தாரும்" என்றார். அவளும் ஆமென் சொன்னாள்.

*

சனிக்கிழமை சாவியை அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போக வீட்டில் வேறு ஆள் இல்லை.

இரும்புலியூரில் ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகையில், ஒடுக்கு தட்டி எடுக்கும் டிங்கர் முனிரத்தினம் இருந்தார். கதவின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை ஒடுக்குக்குள் வைத்து மெதுவாகத் தடவினார். கண்ணால் பார்த்ததைவிடக் கையால்தான் அதிகம் பார்த்தார்.

"இன்னாமா, யார் இட்ச்சது?"

"நான்தான். வீட்டு கேட்ல."

"கேட்டா? கேட்டு வந்து உன் வண்டிய இட்ச்சுதா?"

ஹில்டாவுக்குப் புரியவில்லை.

"ஓட்ற வண்டி தூண்ல பட்டா கோடு வுழும்மா. இம்மாம் நீளத்துக்கு இழுத்துகினு போவும். சுண்ணாம்பு ஒட்டிக்கும். இதுல கோடு எங்க கீது, காட்டு? இது குழி. நின்னுகினு இருந்த வண்டிய எவனோ ரிவர்ஸ்ல வந்து வச்சிட்டுப் பூட்டான். இந்தா, கறுப்பா வளைஞ்சிகினு கீதே, டயரு. பெரிய வண்டிங்க பின்கதவுல ஸ்டெப்னி மாட்டிகினு வரும் பாரு, அது."

அவள் குனிந்து பார்த்தாள். ஒடுக்கின் விளிம்பில் பாதி நிலா போலக் கறுப்பு இருந்தது. ஐந்து நாளாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவள் ஒருமுறைகூடக் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. ஒத்துக்கொண்டபிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

"நெசமா நான் இல்லையா?"

முனிரத்தினம் சிரித்துவிட்டார். "இருவத்திரெண்டு வருசமா தட்டிகினு கீறேன். வர்றவன் அத்தினி பேரும் அவன் இட்ச்சான், இவன் இட்ச்சான்னுதான் வருவான். நான் இட்ச்சேன்னு வந்தவ நீ ஒருத்திதான். அதுவும் இட்ச்சிருந்தாலாவது பரவால்ல!" சுத்தியலை எடுத்தார். "வுடு, சாயங்காலத்துக்குள்ள தட்டி, பட்டி பாத்துக் குட்த்துர்றேன்."

"வேணாம்."

"இன்னாது?"

"தட்ட வேணாம். இப்படியே இருக்கட்டும்."

"கதவு வெளியில இருந்து தொறக்காதேமா."

"உள்ள இருந்து தொறக்குதுல்ல? போதும்."

திரும்பும் வழியில் அவள் உடம்பு நடுங்கிற்று. முதலில் அதைப் பயம் என்று நினைத்தாள். பயம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இது அது இல்லை. தூணில் உரசிய அந்தச் சத்தத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள். இன்னும் தெளிவாகவே கேட்டது. நடக்காத ஒன்றுக்கு அவளே சத்தம் செய்து வைத்திருந்தாள். இதுபோல இன்னும் எத்தனை சத்தங்கள் உள்ளே இருக்கின்றனவோ? எதெல்லாம் உண்மையிலேயே அவள் செய்தவை?

வண்டி போனபடியே திரும்பியதைச் சத்தியநாதன் பார்த்தார். "முடியலையா?"

"தட்ட வேணாம்னுட்டேன். நின்ன வண்டியை யாரோ இடிச்சிருக்காங்களாம். தூண் இல்லையாம். ஞாயித்துக்கிழமை அது நின்ன இடம் சர்ச்சு ஒண்ணுதான்."

"டிங்கர் ஆயிரம் சொல்லுவான். நீதானே ஒத்துக்கிட்ட?" அவர் பேப்பரைத் திருப்பினார். "சாவியைக் குடு."

"என்கிட்டயே இருக்கட்டும்."

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடங்களில் அவர் கேட்டு அவள் கொடுக்காத முதல் பொருள் அதுதான்.

*

ஞாயிற்றுக்கிழமை, கோயில் வளாகத்தில் போன வாரம் நிறுத்திய அதே பாதாம் மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். ஒடுக்கு விழுந்த பக்கம் எல்லோரும் நடந்து வரும் பாதையைப் பார்த்திருந்தது. சத்தியநாதன் முன்னதாகவே பஸ் ஏறி வந்திருந்தார்.

வாசல் மேஜையில் அறிவிப்புச் சீட்டுகள் வைக்கும் தட்டு இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். சபைச் செயலாளர் எட்மண்ட் அவற்றை அள்ளிக்கொண்டு போய் மைக்கில் வாசிப்பார். முன்கூட்டிப் பார்ப்பதே கிடையாது. "கைக்கு வர்றதை அப்படியே வாசிச்சிருவேன், நாலே நிமிஷம்" என்பது அவருடைய பெருமை. ஹில்டா நின்றபடியே எழுதினாள். இரண்டு சீட்டுகளைக் கிழித்துப் போட்டாள். முதலிரண்டிலும் 'தயவுசெய்து மன்னிக்கவும்' என்று ஆரம்பித்திருந்தது.

அறிவிப்பு நேரம் வந்தது. பெண்கள் ஐக்கிய சங்கம் வியாழன் மாலை கூடும். வழியை மறைத்து நிற்கும் நீல ஸ்கூட்டியை உடனே எடுக்கவும். எட்மண்ட் அடுத்த சீட்டை எடுத்தார்.

"சென்ற ஞாயிறு இரண்டாம் ஆராதனையின்போது, பாதாம் மரத்தடியில் நின்றிருந்த வெள்ளை மாருதி காரை இடித்தவர்..."

குரல் நின்றது. அவர் பெண்கள் பக்கம் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சில், சத்தியநாதன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். ஹில்டா அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டாள்.

"இது... தனிப்பட்ட விஷயம் போல இருக்கு. அப்புறம் பேசிக்கலாம்" என்று எட்மண்ட் சீட்டை மடித்தார்.

ஹில்டா எழுந்து நின்றாள்.

"அண்ணே, முழுசா வாசிங்க. இன்னும் ரெண்டு வரி இருக்கு."

பக்கத்தில் ரத்தினபாய் ஆன்ட்டி முந்தானையைப் பிடித்து இழுத்தார். "கோயில்ல போய் என்னம்மா இது? உக்காரு."

"வாசிச்சதும் உக்கார்றேன் ஆன்ட்டி."

பாட்டுக்குழுவில் யாரோ இருமினார்கள். பீடத்தின் பக்கத்தில் நின்ற போதகர், எட்மண்டைப் பார்த்துத் தலையசைத்தார். எட்மண்ட் சீட்டைப் பிரித்தார். எப்போதும் ஓடும் வாய் இப்போது எழுத்துக்கூட்டியது.

"...இடித்தவர், ஆராதனை முடிந்ததும் அந்த வண்டிக்கு அருகில் வரவும். வண்டியை ஓட்டி வந்தவர் இடிக்கவில்லை. ஹில்டா சத்தியநாதன்."

அவள் உட்கார்ந்தாள். அடுத்து எல்லோரும் காணிக்கைப் பாட்டுக்கு எழுந்தார்கள். அவள் எழவில்லை. இன்றைக்கு நின்றது போதும் என்று தோன்றியது.

*

எட்மண்ட் வந்தார், கையில் தன் பெரிய வண்டியின் சாவியைச் சுழற்றியபடி. முகத்தில் மட்டும் அந்த அலட்சியம் இல்லை.

"என்ன டீச்சர், மைக்லயே மானத்தை வாங்கிட்டீங்க! நான்தான் அன்னிக்கே சொல்லிட்டேனே."

"யார்கிட்ட?"

"சத்தியநாதன் சார்கிட்டதான். நீங்க கிளம்பினப்புறம் கமிட்டி மீட்டிங்ல. ஆராதனை நடக்கறப்ப சபை விருந்துக்கு அரிசி மூட்டை இறக்க ரிவர்ஸ் எடுத்தேன், பட்டுடுச்சு. நானே சரி பண்ணித் தரேன்னேன். சார்தான், 'விடுங்க, வெளிய சொல்லாதீங்க, நான் பாத்துக்கறேன்'னார்."

"இடிச்சது என் வண்டியை. அவர்கிட்ட ஏன் சொன்னீங்க?"

எட்மண்ட் உண்மையிலேயே திகைத்தார். "அவர்கிட்ட சொன்னா உங்ககிட்ட சொன்ன மாதிரிதானே?"

"இல்ல" என்றாள் ஹில்டா.

சத்தியநாதன் மெதுவாக வந்து சேர்ந்தார். வேதாகமத்தை மார்போடு பிடித்திருந்தார். சற்றுத் தள்ளி நாலைந்து பேர் செருப்பு மாட்டுவது போல நின்றார்கள்.

"புதன்கிழமை ஜெபம் பண்ணீங்களே. அப்பவும் தெரியும்ல?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "உன் நல்லதுக்குத்தான் ஹில்டா. இந்த டிராஃபிக்ல தினம் நீ போறதும் வர்றதும்... எனக்கு எப்படி இருக்கும்? வீட்ல போய்ப் பேசலாம், வா."

கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது வேறு. ஆமென் சொன்ன தன் குரல் காதில் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு இவர் அவளைக் கடவுளிடமே பொய்யாகக் காட்டிக்கொடுத்திருக்கிறார். அவள் அதற்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். இனி அந்தக் கையெழுத்து கிடைக்காது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் இடதுபக்கம் சுற்றி வந்து கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. குனிந்து கண்ணாடியைத் தட்டினார். அவள் சாய்ந்து கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினாள்.

"கெசியாவுக்கு போன் போடுங்க. மம்மி இடிக்கலன்னு சொல்லுங்க. நானும் கேக்கணும்."

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்க."

"நானும் எல்லாரும் பாக்கத்தான் நின்னேன்."

அவர் கை சட்டைப்பை வரை போனது. செல்போனைத் தொட்டது. வெளியே எடுக்கவில்லை.

"சார், நம்ம வண்டியில வாங்க, நான் விட்டுடறேன்" என்றார் எட்மண்ட், மெல்லிய குரலில். சத்தியநாதன் போனார். அந்தப் பெரிய வண்டியின் கதவு வெளியிலிருந்தே சுலபமாகத் திறந்தது.

ஹில்டா அவர்களுக்குப் பின்னால் கிளம்பினாள். சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி ஜி.எஸ்.டி. ரோடு வரை அந்த ஸ்டெப்னி அவள் கண்ணெதிரே ஆடிக்கொண்டே போனது. வசனம் அச்சிட்ட உறை ஓர் ஓரத்தில் கிழிந்து, உள்ளே டயரில் வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருந்தது. அவள் ஹாரனை அழுத்தி, மூன்றாவது கியருக்கு வந்து, வலதுபக்கம் ஏறினாள். ஒடுக்கு விழுந்த கதவு எட்மண்டின் ஜன்னலை உரசாத தூரத்தில் கடந்து போனது. 'பிரேக்கு' என்று யாரும் சொல்லவில்லை.

பெருங்களத்தூர் திருப்பம் வந்தது. வீட்டுக்கு அங்கேதான் திரும்ப வேண்டும். அவள் இண்டிகேட்டர் போடவில்லை. வண்டலூருக்கு அப்பால் அவள் இதுவரை ஓட்டியதில்லை. லாரி ஓடும் ரோடு என்பார் அவர். லாரிகள் ஓடத்தான் செய்தன. அவள் வண்டியும் ஓடியது.

காட்டாங்குளத்தூரில் அவள் போன் செய்ததும், ஹாஸ்டல் வாசலுக்கு வெளியே கெசியா துப்பட்டாவைச் சரிசெய்தபடி ஓடி வந்தாள். "மம்மி! தனியாவா வந்த? இவ்ளோ தூரமா?" இடதுபக்கக் கதவை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். ஒடுக்கைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

ஹில்டா சாய்ந்து உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"இடிச்சது நான் இல்ல" என்றாள். "ஏறு, சொல்றேன்."